மூக்குக் காவல்

வேலையால் வந்ததும் என் கணவர் செய்யவேண்டிய முதல் காரியம் ஒன்று இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கொழுவிவிட்டு, என் முன்னால் வந்து நின்று, குனிந்து, என் முகத்துக்கு நேரே "ஹா" என்று மூச்சு விடவேண்டும். அவர் ஆறடிக்குக் கிட்ட. நான் அவருடைய நெஞ்சுப் பொத்தான் அளவுதான். அதனால் நன்றாகவே குனியவேண்டும். நான் மூக்கை நீட்டி மணந்து பார்த்து, "சரி, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்று சொன்ன பிறகுதான் சோறு.

இதைக் காதல் என்று நினைத்துவிடாதீர்கள். இது சோதனை. அவருடைய இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த வருடம் நான் போட்ட சட்டம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தகப்பனைப் பார்த்து ஒரே வசனத்தில் தமிழாக்கினாள்.

"அப்பா, இனிப் பத்தினால், அடுத்த முறை உங்களை இஞ்சை கொண்டுவர எங்களுக்கு நேரம் கிடையாதாம்."

எங்களூர்ப் பேச்சில் சிகரெட் பத்துவது என்றுதான் சொல்லுவோம். அவர் முப்பது வருடம் பத்தினவர். யாழ்ப்பாணத்தில் பழகினது இல்லை, மொன்றியலில் பழகினது. வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். சிகரெட் பத்துகிறவர்கள் மட்டும் பின்கதவால் போய்ப் பத்து நிமிடம் வெளியே நிற்கலாம். பத்தாதவர்கள் அந்த நேரமும் கோப்பை கழுவவேண்டும். இந்த நியாயத்தைப் பார்த்து இரண்டாம் கிழமையே ஒரு பெட்டி வாங்கினார். அந்தப் பத்து நிமிடம் இத்தனை வருடம் நீளும் என்று யாருக்குத் தெரியும்?

மணந்து பார்க்கும் வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் இருந்திருக்க முடியாது. நான் வேலை செய்வது நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள ஒரு உலர்சலவைக் கடையில். செயின்ட்-மிஷேலில் மெத்ரோ ஏறி, ஸ்னோடனில் மாறிப் போய்வருகிறேன். பதினெட்டு வருடமாக ஊரார் கோட்டுகளை வாங்கி, பையெல்லாம் துழாவி, காலரை மூக்கருகே கொண்டுபோய், எந்த மருந்து போடவேண்டும் என்று சீட்டு எழுதுவதுதான் என் வேலை. பை துழாவுவது தொழில் விதி. ஒரு பேனையை மறந்து உள்ளே போட்டால் இருபது கோட்டு நாசமாகும்.

கோட்டை மணந்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். சிகரெட்டுக்காரர் கோட்டு ஒளிக்கத் தெரியாத கோட்டு. காலரும் வலது கைமுனையும் மணக்கும், பையின் மூலையில் புகையிலைத் தூள் இருக்கும், மடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொசுங்கல் ஓட்டை இருக்கும். பெண்சாதிக்குத் தெரியாமல் பத்துகிறவர் என்றால் மிண்ட் உறையும் கூடவே இருக்கும். வேப், அதாவது மின்சிகரெட், இழுக்கிறவர்களின் கோட்டு வேறு. தலை நரைத்த, கோட் சூட் போட்ட பெரிய மனிதரின் கோட்டில் ஸ்ட்ரோபெரி மணக்கும். முதல்முறை மணந்தபோது, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார் போலும் என்று பாவப்பட்டேன். இன்னொருவரின் கோட்டில் சோளம் கருகின மணம் அடிக்கும். சிகரெட்டும் இல்லை, வேப்பும் இல்லை. அவர் சினிமாக் கொட்டகையில் சோளப்பொரி விற்கிறவர் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். அந்த மணம் என் வீட்டுக்குள்ளும் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஸ்டென்ட் வைத்த பிறகு மகள்தான் தகப்பனுக்கு வேப் வாங்கிக் கொடுத்தாள். அவள் மருந்துக் கடையொன்றில் வேலை செய்கிறாள். படிப்படியாகக் குறைத்து விடவைக்கலாம் என்றாள். எனக்கு அந்தச் சாமானைப் பார்த்த நாளே பிடிக்கவில்லை. பென்சில் பெட்டி போல இருந்தது. ஊதினால் வீடு முழுக்க மாம்பழம் மணந்தது, அதுவும் கறுத்தக்கொழும்பான் மணம் இல்லை, போத்தலில் அடைத்த மாம்பழம்.

"இது புகை இல்லையப்பா. வெறும் ஆவி," என்றார்.

"ஆவி புட்டுப் பானையிலயும் வருது. அதை ஏன் ஒருத்தரும் காசு குடுத்து வாங்கி உறிஞ்சிறேல்லை?" என்று கேட்டேன். அவர் இன்னொரு இழுவை இழுத்தார்.

நான் கவனித்த ஒரு விஷயத்தை மகளிடமும் சொன்னேன். சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. பல்கனிக்குப் போவார், மைனஸ் இருபதில் நடுங்குவார், சாம்பல் அடிமட்டத்துக்கு வரும், கட்டையை நசுக்கிவிட்டு உள்ளே வருவார். அத்தோடு ஒரு மணித்தியாலமாவது சும்மா இருப்பார். இந்தச் சாமானுக்கு முடிவே இல்லை. செய்தி பார்க்கும்போது ஒரு இழுவை, குளியலறையில் ஒரு இழுவை, காரில் சிவப்பு விளக்கு விழுந்தால் ஒரு இழுவை. குளிர் இல்லை, சாம்பல் இல்லை, வெட்கமும் இல்லை. குறைக்க வந்தது கூட்டிக்கொண்டு போகிறது என்பதுதான் என் கட்சி. "அம்மா, நீங்கள் எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்கள்," என்றாள் மகள். ஓம், படுவேன். சந்தேகப்பட்டதால்தான் இந்த வீடு இன்னும் நிற்கிறது.

பிறகு இந்த மாகாணத்தில் சுவை போட்ட வேப் விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எனக்குச் சந்தோஷம். ஆனால் எங்கள் ஆட்கள் மாதம் ஒருமுறை கல்யாணம், சாமத்தியவீடு என்று ரொறன்ரோவுக்கு ஓடுகிறவர்கள். போகிறவர்களிடம் மற்றவர்கள் மீனும் முருங்கைக்காயும் சொல்லிவிட, இவர் சுவை போட்ட வேப் திரவத்தில் ஒரு சின்னப் போத்தல் சொல்லிவிட்டார். அதைக் கண்டுபிடித்து நான் ஆடிய ஆட்டத்தில், "சரி, எல்லாத்தையும் விட்டிட்டன். முருகன் அறிய விட்டிட்டன்," என்று வேப்பைக் குப்பையில் போட்டார். நானே பார்த்தேன். அவர் போட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. விருப்பமான சாமானை எறிகிறவருக்கு முகம் கொஞ்சமாவது வாடவேண்டாமா? இவர் சிரித்துக்கொண்டு போட்டார்.

இந்த இடத்தில் என்னுடைய களவையும் சொல்லிவிடவேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே என் மூக்கு செத்துவிட்டது.

கொரோனா வந்துபோன இரண்டாம் கிழமை. காய்ச்சல் போய்விட்டது, இருமல் போய்விட்டது. ஒரு காலை கோப்பி ஊற்றினேன், சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே வைத்தேன். ஒன்றும் இல்லை. மகள் வரும் வருமென்றாள், டாக்டரும் காத்திருக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு மகள் கேட்டபோது, "ஓம், வந்திட்டுது," என்று பொய் சொன்னேன். அன்று தொடங்கின பொய்.

ஏன் ஒளித்தேன்? அவருக்காகத்தான். அந்த மனிதர் டாக்டருக்குப் பயந்தவர் இல்லை, சாவுக்கும் பயந்தவர் இல்லை. இந்த உலகத்தில் அவர் பயப்படுவது என் மூக்குக்கு மட்டும். அது செத்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த நாளே பெட்டி வாங்குவார், அதற்கடுத்து ஒரு நாள் எனக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வரும். நான் அப்படியே படமாக அதைப் பார்த்தேன்.

அதனால் நடித்தேன். ஒவ்வொரு நாளும் அவர் குனிந்து "ஹா" என்பார். நான் கண்ணைச் சுருக்கி, ஆழமாக இழுத்து, ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, "சரி" என்பேன். இடைக்கிடை ஒரு குறை சொல்லாவிட்டால் சந்தேகம் வரும் அல்லவா? "இண்டைக்கு வெங்காயம் கூட," என்பேன். ஒருநாள் துணிந்து, "ஆரோ பத்தினவனுக்குப் பக்கத்தில நிண்டிருக்கிறியள்," என்று விட்டுப் பார்த்தேன். அவர் வாயைப் பிளந்தார். "ஓம்! பஸ் தரிப்பில ஒருத்தன் நிண்டவன். உம்மட மூக்கு மூக்கில்லையப்பா," என்றார். நான் ஒரு வாரம் அந்தப் பெருமையில் நடந்தேன்.

கறி அடிப்பிடிக்காமல் இருக்க மணிக்கூடு வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றேன். பாலைத் திகதி பார்த்து ஊற்றினேன். கடையில் கோட்டுகளைக் கண்ணால் படிக்கப் பழகினேன். கைமுனை மஞ்சளா, பையில் தூளா, மடியில் ஓட்டையா. சிகரெட்டுக்காரர் அகப்பட்டார். மற்றவர்கள் அகப்படவில்லை. அந்தப் புதுச் சாமான்கள் மூக்கு உள்ளவளுக்கே மணத்தைத் தவிர வேறு தடயம் வைக்காதவை, மூக்கு இல்லாதவளுக்கு எதை வைக்கும்? அவர் வேப்பை எறிந்த பிறகு எனக்கு நித்திரை குறைந்தது. சாம்பல் இல்லை, கட்டை இல்லை, ஓட்டை இல்லை. ஒன்றும் இல்லை என்பதே எனக்குப் பெரிய சந்தேகம். முப்பது வருடப் பழக்கத்தை விட்ட மனிதர் எரிந்து விழவில்லை, கொழுக்கவில்லை. குப்பைப் பையைக் கேட்காமலே கீழே கொண்டுபோனார். இது என் புருஷன் இல்லை.

பனி கரைந்த ஒரு சனிக்கிழமை அவருடைய குளிர் ஜாக்கெட்டைச் சலவைக்கு எடுத்தேன். தொழில் விதிப்படி முதலில் பை. உள்பையில் ஒரு தகர டப்பா, தொண்டைக்குப் போடுகிற இனிப்பு வருமே, அந்த டப்பா. திறந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு சின்னக் குச்சிகள், வெள்ளைத் தாள் சுற்றினது, என் சுண்டுவிரல் நீளம் வராது. சிகரெட்டைப் பாதியாக வெட்டினதுபோல இருந்தது. ஆனால் சிகரெட்டில் தூள் உதிரும். இதில் ஒரு தூளும் உதிரவில்லை, இறுக்கமாக அடைத்திருந்தது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "உதென்ன?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாய் எப்போதும் அவரைக் காப்பாற்றுகிற வாய். "அது... சாம்பிராணிக் குச்சியப்பா. அக்கா ரொறன்ரோவில இருந்து அனுப்பினவ. புகை குறைஞ்சதாம். எங்கட அலாரம் அடிக்காதாம்," என்றார்.

முழுக்க மடத்தனமான பொய் என்று சொல்லமுடியாது. எங்கள் வீட்டுக் கூரையில் உள்ள புகை அலாரத்துக்கும் எனக்கும் பல வருடப் பகை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அது கத்தும், கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையைத் தட்டுவார், இவர் கதிரையில் ஏறித் துவாயால் விசிறுவார். புகை குறைந்த சாம்பிராணி என்றால் இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோருமே வாங்குவார்கள்.

ஆனால் என் கண் அது சிகரெட் என்றது. முந்தின காலமென்றால் ஒரு நொடி போதும். டப்பாவைத் திறந்தவுடனேயே தெரிந்திருக்கும். இப்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் என்ன செய்வேன் என்று. மணக்காமல் கேள்வி கேட்டால், ஏன் மணந்து பார்க்கவில்லை என்று யோசிப்பார். அதனால் ஒரு குச்சியை எடுத்து மூக்கின் கீழே வைத்து, பொலிஸ்காரிபோல நிதானமாக, நீளமாக இழுத்தேன். எனக்குள் ஒன்றுமே வரவில்லை. சிகரெட் என்று சொல்லி அது சாம்பிராணியாக இருந்தால் என் மூக்கின் மானம் போகும். தெரியவில்லை என்று சொன்னால் எல்லாமே போகும்.

"ஓம்," என்றேன். "நல்ல வாசம்தான்."

அவர் அப்படியே நின்றார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தப்பினேன் என்ற நிம்மதி அது என்று நினைத்தேன். அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது. அடுத்த வெள்ளிக்கிழமை இதற்கு ஒரு முடிவு கட்டுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு டப்பாவைச் சாமித்தட்டில் வைத்தேன்.

என் திட்டம் எளிமையானது. முருகனுக்கு முன்னால் அதைக் கொளுத்துவேன். அது சிகரெட் என்றால் அவர் விடமாட்டார். எவ்வளவு பொய் சொன்னாலும் சாமிக்கு முன்னால் புகையிலை எரிய விடுகிற ஆள் இல்லை. பாய்ந்து வந்து தடுப்பார், பிடித்துக்கொள்ளலாம். தடுக்காவிட்டால் அது சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை மாலை முழுகி, விளக்கேற்றி, சின்னக் கிண்ணத்தில் அரிசி போட்டு அதில் ஒரு குச்சியை நட்டேன். பற்றவே மாட்டேன் என்றது. மூன்று தீக்குச்சி செலவானது. கடைசியில் நுனி சிவந்து, நூல் போல ஒரு புகை கிளம்பியது. நான் வேண்டுமென்றே சத்தமாக, "முருகா!" என்றேன். அவர் வந்தார். வாசலில் நின்றார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் குச்சியைப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். திருநீறு பூசினார். கண் கலங்கியிருந்தது. புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். நெடுநாளைக்குப் பிறகு மனம் ஆறியது. வீணாகச் சந்தேகப்பட்டேனே, இந்த மனிதர் உண்மையாகவே விட்டுவிட்டார் என்று முருகனுக்கு நன்றி சொன்னேன். கிண்ணத்தை எடுத்து மூன்று முறை சுற்றியும் காட்டினேன். அலாரம் அடிக்கவில்லை. அக்கா நல்ல சாமான்தான் அனுப்பியிருக்கிறா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மகள் எங்களோடு மரக்கறிச் சாப்பாட்டுக்கு வருவாள். வெளி இரும்புப் படியில் அவளுடைய காலடி கேட்டது, கதவு திறந்தது, மற்றச் சப்பாத்தை இன்னும் கழற்றவில்லை.

"அம்மா! ஆர் வீட்டுக்குள்ள சிகரெட் பத்தினது?"

நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மகள் ஒற்றைச் சப்பாத்தோடு உள்ளே வந்து, கிண்ணத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இது என்ன? ஏன் சாமிக்கு இதைக் கொளுத்தி வைச்சிருக்கிறீங்கள்? உங்களுக்கு மணக்கேல்லையா?" என்று கேட்டாள்.

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"எத்தினை நாளாய் உது?" என்று நான் கேட்டேன்.

"எத்தினை நாளாய் உமக்கு மணக்கேல்லை?" என்று அவர் கேட்டார்.

இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தன. மகள் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது. அவர் காருக்குப் போய் ஒரு சின்ன மெசினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உதட்டுச்சாயக் குழாய் அளவு. குச்சியை அதற்குள் செருகினால் எரிக்காமல் சூடாக்குமாம். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, மணமும் அதிகம் இல்லை, சோளம் கருகின மாதிரி கொஞ்சம் வருமாம். என் சோளப்பொரிக்காரரும் இதைத்தான் இழுத்திருக்கிறார். வேப்பை எறிவதற்கு ஒரு கிழமை முன்பே வாங்கிவிட்டாராம். அதனால்தான் அந்தச் சிரிப்பு. வேலையிடத்தில் இழுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, பாக்கு மென்று, என் முன்னால் வந்து "ஹா" என்பாராம்.

"உம்மட மூக்குக்குப் பயந்துதான் இதுக்கு மாறினனான்," என்றார். "சிகரெட் எண்டால் ஒரு நொடியில பிடிச்சுப்போடுவீர். இதை மட்டும்தான் பிடிக்கமாட்டீர் எண்டு நினைச்சன்."

செத்த மூக்குக்குப் பயந்து மெசின் வாங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மெசினை யன்னலால் எறியவேண்டும் என்ற கோபமும் வந்தது.

"சாம்பிராணி எண்டு சொன்னவுடன நீர் மணந்துபோட்டு நல்ல வாசம் எண்டீர். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. பச்சைப் புகையிலை அது. இண்டைக்கு வந்து பார்க்கிறன், வீடு முழுக்க நாறுது, நீர் கண்ணை மூடிக் கும்பிடுறீர். என்னெண்டு தடுக்கிறது? எனக்கு வாய் வரேல்லை," என்றார். பிறகு, "கறி கருகினால் உமக்கு என்னெண்டு தெரியும்? காஸ் கசிஞ்சால்?" என்று கோபமாகக் கேட்டார்.

களவு பிடிபட்டவர் என்னைக் கண்டிக்கிறார். நான் மெசினைத் தட்டிக் காட்டி, "முதல் இதுக்குப் பதில் சொல்லுங்கோ," என்றேன்.

"இது சிகரெட் மாதிரி இல்லையப்பா. எரிக்கிறேல்லை. தீங்கு குறைவு எண்டு கொம்பனிக்காரனே சொல்லுறான்."

"சிகரெட் வித்த கொம்பனிக்காரனோ?"

மகள்தான் நிதானமாகச் சொன்னாள். "எரியாதபடியால் சில நச்சு குறையலாம் அப்பா. குறையிறது எண்டால் இல்லாமல் போறது இல்லை. நிக்கொட்டின் அதேதான். அது எந்த வாசலால வந்தது எண்டு உங்கட இதயம் பார்க்காது." அதற்குப் பிறகு குரல் உடைந்தது. "முதல் வேப்பை நான்தானே கொண்டுவந்து தந்தனான்," என்றாள். அவளை அழவைத்தது அவரை உலுக்கியது. மெசினை எடுத்து என் கையில் தந்தார். நான் அதை உடைக்கவில்லை. சாமித்தட்டின் கீழ் லாச்சிக்குள் பூட்டி வைத்தேன், சாட்சியாக.

மகள் தன் மருந்துக் கடையில் பேசி, தோளில் ஒட்டுகிற நிக்கொட்டின் ஒட்டுக்கு ஏற்பாடு செய்தாள். எனக்கு மணக்காது என்பதால் ஒரு காஸ் அலாரமும் வாங்கி மாட்டினாள். அவர் சமையலறைப் பக்கம் வந்து, "வெங்காயம் பொன்னிறம் தாண்டுது," "பால் புளிச்சிட்டுது," என்று அறிவிக்கத் தொடங்கினார். சில நாள் எரிச்சலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கள், வேலையால் வந்தார். ஜாக்கெட்டைக் கொழுவினார். நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். இனி எதற்கு அந்த நாடகம்? ஆனால் அவர் வந்து என் முன்னால் குனிந்தார்.

"எனக்கு மணக்காது எண்டு தெரியுமெல்லோ?"

"தெரியும்," என்றார். "ஹா" என்று மூச்சு விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு சந்தேகமும் வந்தது. இனி இது செலவில்லாத சோதனை அல்லவா? எதைப் பத்திவிட்டு வந்து ஊதினாலும் எனக்கென்ன தெரியும்? அதற்காகத்தான் இவ்வளவு பணிவாகக் குனிகிறாரோ? கோடை முழுக்க, இலையுதிர் காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் அவர் குனிந்தார், நான் ஒன்றும் மணக்காத மூச்சை இழுத்து, அவர் கண்ணைப் பார்த்து, "சரி" என்றேன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன். பையை ஒவ்வொரு கிழமையும் துழாவினேன். லாச்சியைத் திறந்து மெசின் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டுகளை எண்ணினேன். நான் அப்படித்தான்.

முதல் பனி விழுந்த அன்று அவர் கொஞ்சம் பிந்தி வந்தார். வேலையிடத்தில் ஆள் குறைப்பு என்று இரண்டு கிழமையாகவே பேச்சு. சப்பாத்தைக் கழற்றினார். ஜாக்கெட்டைக் கொழுவினார். நான் அகப்பையோடு நடைவழியில் நின்றேன், வழக்கம்போல முகத்தை நிமிர்த்திக்கொண்டு. அவர் என்னைப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி, நேரே குளியலறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். குழாய் திறந்த சத்தம் கேட்டது.

அவர் குனியவில்லை.

நான் கதவருகே போனேன். பையைத் துழாவவேண்டியிருக்கவில்லை, எதையும் மணக்கவேண்டியிருக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"எத்தினை?"

குழாய் நின்றது.

"ஒண்டு," என்றார்.

"மெசினோ?"

"இல்லை. சிகரெட். ஒருத்தன் நீட்டினான்."

பயமும் வந்தது, கோபமும் வந்தது. ஸ்டென்ட் வைத்த அன்றைய டாக்டரின் முகம் முன்னால் வந்தது. எனக்குத் தெரியவே போவதில்லை என்று தெரிந்த ஒரு மனிதர், என் முகத்துக்கு நேரே பொய்யாக ஊத மனமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார் என்பதும் அந்த நேரத்திலேயே எனக்கு விளங்கியது.

"வெளியில வாங்கோ," என்றேன்.

வந்தார். முகம் ஈரமாக இருந்தது.

"குனியுங்கோ."

குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பயந்து பயந்து, "ஹா" என்றார். அவருடைய மூச்சு என் முகத்தில் சூடாகப் பட்டது. நான் ஆழமாக, முழுவதுமாக இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

"மணக்குது," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்கு மணக்கக்கூடாது. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு, சோறு போடப் போனேன்.